தொடக்கக் கடவுச்சொல் மறதியும் கணினி மீட்பும்

தொடக்கக் கடவுச்சொல் என்பது, மின்சாரம் பெற்று விழித்தெழும் கணினி, தன்னை இயக்க வந்தவர் அதற்கு உரியவர்தாமா என்று சோதித்தறியும் பொருட்டு, வேலையைத் தொடங்குவதற்கு முன்பாகவோ தொடங்கும் தறுவாயிலோ கேட்கும் இரகசியச் சொல்லாகும். உரியவரே அச்சொல்லை மறந்துவிட்டால், யந்திரத்துக்கு உரியவர் என்றும் அன்னியர் என்றும் பேதம் தெரிவதில்லை. இருவரையும் ஒன்றுபோலவே வாசலில் நிறுத்திவிடுகிறது. இந்நிலையிலிருந்து மீளும் உபாயங்களும், அவை கடந்த நாற்பது ஆண்டுகளில் அடைந்த மாறுதலும், அவற்றுக்குச் சட்டம் வகுத்துள்ள எல்லையும் இங்கே விவரிக்கப்படும். உதாரணங்கள் பெரும்பாலும் விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு வட்டத்தைச் சேர்ந்த கூமாப்பட்டியையும், அதற்கு அண்மை நகரங்களான ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகியவற்றையும் ஒட்டித் தரப்படுகின்றன. இவ்விஷயம் குறித்த விளக்கங்கள் பலவும், தெருமுனையிலேயே உற்பத்தியாளரின் சேவை நிலையம் இருப்பதாகப் பாவித்து எழுதப்பட்டவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பிளவக்கல் அணைகளின் நீரால் நெல்லும் தென்னையும் விளையும் ஓர் ஊரிலிருந்து பார்க்கையில் காரியத்தின் சொரூபம் சற்றே வேறாகத் தெரிகிறது.

இப்பகுதியின் இல்லங்களில் கணினி பரவலாகப் பிரவேசித்தது தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வாயிலாகவே எனலாம். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதாவால் தொடங்கிவைக்கப்பட்ட அத்திட்டம், மின்னணுக் கழகமான எல்காட் நிறுவனத்தின் மூலம் யந்திரங்களைக் கொள்முதல் செய்து, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயின்ற மாணவர்களுக்கு வழங்கியது. முதலாண்டுக்கு மட்டும் 9.12 இலட்சம் கணினிகள் திட்டமிடப்பட்டன. அதற்குமுன் தட்டச்சுப் பொறியைக்கூட வீட்டில் கண்டிராத குடும்பங்களில் ஒரு கணினி வந்து அமர்ந்ததும், அண்ணன் படிப்பு முடிந்து திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போன பின் அது தங்கையின் கைக்கு மாறியதும், அவன் வைத்த கடவுச்சொல் அவனோடேயே ஊரைவிட்டுப் போனதும், ‘அரசாங்க லேப்டாப் லாக் ஆயிருச்சு’ என்ற வாக்கியம் பழுதுபார்க்கும் கடைகளில் அன்றாட வார்த்தையாகிப்போனதும், ஒன்றன்பின் ஒன்றாய் இயல்பாகவே நிகழ்ந்தவை.

பூட்டின் வகைகள்

மறந்தவர் முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டியது, தம்மைத் தடுத்து நிற்பது எந்தப் பூட்டு என்பதாகும். வீட்டுக்கு வாசற்கதவு ஒன்றும், உள்ளறைக் கதவு ஒன்றும், அறைக்குள்ளே இரும்புப் பெட்டி ஒன்றும் இருப்பதுபோல் கணினிக்கும் மூன்று நிலைகளில் பூட்டு உண்டு. திரையில் உற்பத்தியாளரின் சின்னம் தோன்றிய மாத்திரத்திலேயே, விண்டோஸ் முதலான இயங்குதளம் எழுவதற்கு முன்பு, கறுப்புத் திரையில் ஒரு சிறு கட்டம் மட்டும் காட்டிக் கேட்கப்படுவது பயாஸ் என்னும் அடிப்படை நிரலின் கடவுச்சொல். இயங்குதளம் எழுந்து, பயனரின் பெயரையும் படத்தையும் காட்டியபின் கேட்கப்படுவது நுழைவுக் கடவுச்சொல். வட்டிலுள்ள தகவல் முழுவதையும் மறையாக்கம் செய்து, அதைத் திறக்கும் திறவுகோலைக் கேட்பது மூன்றாவது. முதலாவது யந்திரத்தைக் காக்கிறது; இரண்டாவது அதைப் பயன்படுத்துவோரை வேறுபடுத்துகிறது; மூன்றாவது ஒன்றுதான் உள்ளிருக்கும் தகவலை மெய்யாகவே காக்கிறது. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, ‘பாஸ்வேர்டு மறந்துபோச்சு’ என்ற ஒரே வார்த்தையுடன் கடைக்குப் போகிறவருக்கு, ‘ஃபார்மட் அடிக்கணும்’ என்ற ஒரே வார்த்தை பதிலாகக் கிடைக்கிறது. முதல்வகைப் பூட்டுக்கு அது பயனற்ற சிகிச்சை. இரண்டாம் வகைக்கு அவசியமற்ற சிகிச்சை. மூன்றாம் வகைக்கோ யந்திரத்தைப் பிழைக்கவைத்து அதிலிருந்த அனைத்தையும் அழித்துவிடும் சிகிச்சை.

வரலாறு

கணினியில் கடவுச்சொல்லைப் பிரயோகித்தோருள் முன்னோடி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ என்பாரின் தலைமையில் 1961இல் உருவான பகிர்நேர அமைப்பாகும். ஒரே பெரிய யந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொண்டமையால், ஒருவருடைய கோப்பும் அவருக்கு ஒதுக்கப்பட்ட நேரமும் மற்றவர் கைக்குப் போகாதிருக்க அது வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே, தமக்கு அளிக்கப்பட்ட நேரம் போதாத ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பைத் துளையட்டை மூலம் அச்சிட்டு எடுத்துக்கொண்டார் என்பதைக் காணும்போது, பூட்டும் அதைத் தாண்டும் வழியும் ஏறத்தாழ ஒரே பிராயத்தினவை என்பது விளங்கும்.

தனியாள் கணினிகள் தோன்றிய காலத்தில் இத்தகைய காவல் வேண்டும் என்று எவரும் கருதவில்லை. 1984இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட பிசி ஏடி என்னும் கணினியின் முகப்பில் மெய்யான உலோகச் சாவி போடும் பூட்டே இருந்தது. ஆனால் அதே கணினியில்தான், பிற்காலத்துக் கடவுச்சொல்லின் இருப்பிடமாக ஆகவிருந்த ஒரு சிறு உறுப்பும் இடம்பெற்றது: மோட்டரோலா நிறுவனத்தின் கடிகாரச் சில்லு. மொத்தம் 64 பைட்டு நினைவகம் கொண்ட அதில் 14 பைட்டு கடிகாரத்துக்கும், மிஞ்சிய 50 பைட்டு கணினியின் அமைப்பு விவரங்களுக்கும் ஒதுக்கப்பட்டன. மின்சாரம் நின்றாலும் அவை மறந்துபோகாதிருக்கும்பொருட்டு ஒரு மின்கலம் அதற்கு உயிரூட்டிக்கொண்டிருந்தது. சீமாஸ் நினைவகம் என்று வழங்குவது இதுவே. 1987இல் ஐபிஎம் வெளியிட்ட பிஎஸ்/2 வரிசைக் கணினிகளில், சாவிக்குத் துணையாகத் தொடக்கக் கடவுச்சொல்லும் வந்து, இத்தகைய நினைவகத்தில் குடியேறியது.

பயாஸ் நிரல்களை எழுதி விற்ற நிறுவனங்களுள் அவார்டு, ஃபீனிக்ஸ், அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் ஆகிய மூன்றும் முக்கியமானவை. மூன்றாவதாகச் சொன்னது, சுப்பிரமணியன் சங்கர், பாட் சர்மா என்னும் இந்திய வம்சாவளியினர் இருவர் 1985இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நிறுவியது. அதன் கிளை சென்னையிலும் இயங்கிவருகிறது. 1990களில் இந்நிறுவனங்களின் பயாஸ்களுள் சிலவற்றில், உரியவர் வைத்த சொல் எதுவாயினும் அதற்குப் பதிலாக ஏற்றுக்கொள்ளப்படும் பொதுச்சொல் ஒன்று சேவைக்காரர்களின் வசதிக்காக அமைந்திருந்தது. அது வெகுவிரைவில் எல்லாருக்கும் தெரிந்த இரகசியமாகிப்போனதால் கைவிடப்பட்டது. பழைய யந்திரம் வைத்திருப்போர் இன்னும் அந்தச் சொற்களின் பட்டியலைத் தேடி அலைவதுண்டு. இன்றைய யந்திரத்தில் அவற்றால் கிடைப்பது நேர விரயமே.

மறதி அல்லாத மறதி

கடவுச்சொல் மறந்துவிட்டதாக எண்ணப்படும் சந்தர்ப்பங்கள் பலவற்றில் சொல் மறக்கப்படவே இல்லை. விசைப்பலகைதான் வேறு எழுத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறது. பெரிய எழுத்து விசை அழுந்தியிருப்பது எல்லாரும் அறிந்த காரணம். அதைவிட நுட்பமானது எண்பூட்டு விசை. சிறிய மடிக்கணினிகள் பலவற்றில் எண்களுக்கென்று தனிப்பகுதி கிடையாதாகையால், அந்த விசை விழித்திருக்கும்போது ஜே, கே, எல், யூ, ஐ, ஓ ஆகிய ஆங்கில எழுத்துகளின் விசைகள் 1 முதல் 6 வரையுள்ள எண்களை அனுப்பத் தொடங்கிவிடும். திரையில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் பிழை கண்ணுக்குப் புலப்படாது.

தமிழில் தட்டச்சு செய்து பழகியவர்களுக்கென்றே உரிய இடர் ஒன்றும் உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்து அரசின் அங்கீகாரம் பெற்ற தமிழ்99 விசைப்பலகை முறை செயற்பட்டிருந்த வேளையில் ஒருவர் தம் தகப்பனார் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ கடவுச்சொல்லாக வைத்துவிட்டால், நுழைவுத் திரை வழக்கமாக ஆங்கில முறையிலேயே தோன்றுவதால், விரல்கள் அதே விசைகளைத் தொட்டாலும் வேறு எழுத்துகளே உள்ளே போகும். நுழைவுத் திரையின் மூலையில் மொழிக்குறி இருக்குமாயின் அதைத் தமிழுக்கு மாற்றிப் பார்க்கலாம். பயாஸ் நிலையிலோ தமிழ் என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே அச்சொல்லை வைத்தபோது எந்தெந்த விசையில் விரல் பட்டதோ அதுமட்டுமே கணக்கு. இவ்வளவையும் நிதானமாகச் சோதித்துப் பார்த்த பின்பே திருப்புளியைக் கையில் எடுப்பது விவேகம்.

மேசைக் கணினி

மேசைக் கணினியின் பயாஸ் கடவுச்சொல்லை நீக்குவது, நெடுங்காலமாக, சிறு கைவேலையாகவே இருந்துவந்திருக்கிறது. சீமாஸ் நினைவகத்தில் எழுதப்பட்டது மின்கலத்தின் தயவில் வாழ்வதாகையால், மின்கலத்தைக் கழற்றினால் கடவுச்சொல்லும், அதோடு நாளும் நேரமும் பிற அமைப்புகளும், துடைக்கப்பட்டுப்போகும். ‘பயாஸ் பேட்டரி’ என்று கடைக்காரர்கள் சொல்லும் அது, 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் கனமும் கொண்ட, 3 வோல்ட் மின்னழுத்தம் தரும் நாணயவடிவ லித்தியம் மின்கலம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரிடத்திலும்கூடக் கிடைக்கக்கூடிய சாமானிய வஸ்து. கணினியின் மின்னிணைப்பை அடியோடு பிடுங்கிவிட்டு, தொடக்கப் பொத்தானைச் சிலதரம் அழுத்தி எஞ்சிய மின்னூட்டத்தை வடித்து, மின்கலத்தைக் கழற்றிச் சில நிமிஷங்கள் பொறுத்து மீண்டும் பொருத்துவது முறை. சில பலகைகளில் மின்தேக்கிகள் மின்னூட்டத்தை எளிதில் விடுவதில்லை. அவற்றுக்கு அரைமணி நேரமேனும் பொறுக்க நேரிடும். இதைவிடத் திட்டமான வழியும் உண்டு: தாய்ப்பலகையில் மின்கலத்துக்கு அருகே மூன்று ஊசிகளும் அவற்றில் இரண்டை இணைக்கும் ஒரு சிறு தொப்பியும் இருக்கும், தொப்பியை மற்ற இரண்டு ஊசிகளுக்கு மாற்றிச் சில விநாடிகள் வைத்திருந்து பழையபடி பொருத்தினால் நினைவகம் வெறுமையாகும். எந்த ஊசிகள் என்பது பலகைக்குப் பலகை மாறுவதால் கையேட்டைப் பார்க்காமல் அனுமானத்தில் இறங்கக் கூடாது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று. இம்முறையில் வட்டில் இருக்கும் கோப்பு எதுவும் தொடப்படுவதில்லை. ஆகவே ‘ஓஎஸ் போடணும்’ என்று ஒருவர் இதற்குத் தனிக்கட்டணம் கேட்டால், அது அறியாமையின் விலையா வியாபாரத்தின் விலையா என்று விசாரிக்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. மறுபக்கம், யந்திரம் பிட்லாக்கர் என்னும் மறையாக்கத்தின் கீழ் இருக்குமானால், மின்கலத்தைக் கழற்றுவதே புதிய தொல்லைக்குக் காரணமாகலாம். அதைப் பின்னர்க் காண்போம்.

மடிக்கணினி

மடிக்கணினி அடிக்கடி களவுபோகும் பொருளாகையால், அதைச் செய்வோர் கடவுச்சொல்லை மின்கலத்தை நம்பிய நினைவகத்தில் வைக்கும் வழக்கத்தை மெல்லக் கைவிட்டனர். மின்சாரம் அற்றுப்போனாலும் எழுதியதை இழக்காத வேறு சில்லுகளில் அது பதிக்கப்படலாயிற்று. இன்று பயாஸின் ஸ்தானத்தைப் பிடித்துள்ள யுஇஎஃப்ஐ அமைப்பிலும் அவ்வாறே. ஆதலால் மேசைக் கணினியில் பலித்த மின்கல உபாயம் மடிக்கணினியில் பெரும்பாலும் பலிப்பதில்லை. பேட்டரியை ஒருவாரம் கழற்றிவைத்தாலும் கடவுச்சொல் அங்கேயே இருக்கும்.

லெனோவோவின் திங்க்பேடு வரிசையில், வெறும் தொடக்கக் கடவுச்சொல்லாயின் நீக்க வழியுண்டு. அதற்கு மேற்பட்ட மேற்பார்வைக் கடவுச்சொல் மறக்கப்பட்டால் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும் என்பதே உற்பத்தியாளரின் அதிகாரபூர்வமான நிலைப்பாடு. டெல் நிறுவனம், யந்திரத்தின் சேவை எண்ணையும் உரிமைக்கான சான்றையும் சரிபார்த்து, விடுவிப்புச் சொல் ஒன்றைத் தரும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. எச்பியின் வணிகவகை மடிக்கணினிகளுக்கு, குறிப்பிட்ட அந்த ஒரு யந்திரத்தில் மட்டுமே செல்லுபடியாகும் சிறு கோப்பு நிறுவனத்தாரால் தயாரித்துத் தரப்பட்டு வந்திருக்கிறது. ஆப்பிள் நிறுவனம், இன்டெல் செயலி கொண்ட பழைய மாக் கணினிகளின் நிலைபொருள் கடவுச்சொல்லை நீக்க, கொள்முதல் ரசீதோடு நேரில் வருமாறு கேட்கிறது. வேறு சில யந்திரங்களில் மூன்றுமுறை தவறாக இட்டால் ‘முடக்கப்பட்டது’ என்ற அறிவிப்போடு ஓர் எண் திரையில் தோன்றும். அவ்வெண்ணை உற்பத்தியாளரிடம் தெரிவித்து மறுமொழி பெறுவது நடைமுறை. அத்தகைய எண்ணிலிருந்து விடைச்சொல்லைத் தாமே கணித்துத் தருவதாகச் சொல்வோர் பலர் உண்டு. பழைய மாதிரிகள் சிலவற்றுக்கு அது பலிக்கும், புதியவற்றுக்குப் பெரும்பாலும் பலிப்பதில்லை.

இவ்வழிகள் அனைத்திலும் பொதுவாக அமைந்தது ஒன்று: ‘இது என்னுடையது’ என்று நிரூபிக்கும் பத்திரம். முன்னாளில் திருப்புளி பிடிக்கத் தெரிந்தவனுக்கு வழி திறந்தது. இந்நாளில் பில் வைத்திருப்பவனுக்குத் திறக்கிறது. கூமாப்பட்டி போன்ற ஊரில் இம்மாறுதலின் பாரம் அதிகம். அங்கிருந்து வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ, அங்கும் காரியம் ஆகாவிடில் எழுபது கிலோமீட்டருக்கு மேலுள்ள மதுரைக்கோ போய்ச் சேர்ந்த பிறகு ‘பில் எங்கே’ என்ற கேள்வி எழுமாயின், ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் வீண். அரசு வழங்கிய மடிக்கணினிக்கோ வாங்கிய ரசீது என்பதே மாணவரிடம் இராது. கொள்முதல் செய்தது எல்காட். அத்தகையோர் யந்திரத்தின் அடிப்பக்கத்திலுள்ள வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, அதை வழங்கிய பள்ளியிலோ கல்லூரியிலோ தமக்கு அளிக்கப்பட்டதற்கான அத்தாட்சியைக் கேட்டுப் பெறுவது நலம். தலைமையாசிரியரின் ஒரு வரிக் கடிதம், பழுதுபார்ப்பவரின் மனச்சாட்சிக்கும் போதிய சமாதானம். ஒருவேளை காவல் நிலையம் வரை பேச்சு போனால் அங்கும் பயன்படும்.

தாய்ப்பலகையை மாற்றுவது என்ற முடிவுக்கு வருமுன் கணக்குப் பார்க்க வேண்டும். பத்தாண்டு கடந்த ஒரு யந்திரத்துக்குப் பலகை மாற்றும் செலவு அந்த யந்திரத்தின் இன்றைய மதிப்பையே விழுங்கிவிடக்கூடும். உள்ளிருக்கும் புகைப்படங்களும் பாடக் குறிப்புகளுமே வேண்டும் என்றால், வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து எடுத்துக்கொள்வது எளிது. பயாஸ் கடவுச்சொல் யந்திரத்தைத்தான் நிறுத்துகிறதே ஒழிய வட்டிலுள்ள எழுத்தை மாற்றுவதில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. வட்டுக்கென்றே தனிக் கடவுச்சொல் வைக்கப்பட்டிருந்தால், அது வட்டின் உள்ளேயே தங்கியிருப்பதால், எந்தக் கணினியில் கொண்டுபோய்ப் பொருத்தினாலும் அங்கும் தொடர்ந்து வரும். அச்சொல் தெரியாதவர் முழுமையாக அழித்து வெற்று வட்டாக மீட்கக்கூடுமே தவிர, உள்ளிருந்ததைப் பெற முடியாது.

இயங்குதளத்தின் நுழைவு

விண்டோஸில் நுழைவுக் கடவுச்சொல்லை மறந்தோர்தாம் எண்ணிக்கையில் மிகுதி. அவர்களுக்குத்தான் வழிகளும் மிகுதி. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்த நுழைவாயின், கைப்பேசியிலிருந்தே அக்கணக்கின் கடவுச்சொல்லைப் புதுப்பித்துக்கொள்ளலாம். அதற்குப் பதிவுசெய்த கைப்பேசி எண் இன்னும் தம்மிடமே இருக்க வேண்டும். ரீசார்ஜ் சலுகைக்காக எண்ணை மாற்றிக்கொண்டே போகும் இளைஞர்கள் இதில்தான் இடறி விழுகிறார்கள். கணினியோடு மட்டும் நிற்கும் உள்ளூர்க் கணக்காயின், விண்டோஸ் 10இன் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், முன்னரே பதிந்த மூன்று கேள்விகளுக்கு விடையளித்துப் புதிய சொல்லை அமைக்கலாம். அதே கணினியில் நிர்வாக அதிகாரமுள்ள வேறொரு பயனர் இருந்தால் அவர் மாற்றித் தரலாம். எக்ஸ்பி காலத்தில், பாதுகாப்பு முறையில் தொடங்கினால் தோன்றும் நிர்வாகிக் கணக்கு கடவுச்சொல் ஏதுமின்றியே கிடந்ததும், நார்வே நாட்டவரான பெட்டர் நூர்டால்-ஹாகன் எழுதிய சிறு நிரலை ஒரு நெகிழ்வட்டில் போட்டுத் தொடங்கிக் கடவுச்சொல்லை வெறுமையாக்கியதும், பழுதுபார்ப்போரின் நினைவில் இன்னும் பசுமையாக இருப்பவை. இவ்வாறு வெளியிலிருந்து வலிந்து மாற்றும்போது, விண்டோஸின் கோப்பு மறையாக்கத்தில் வைத்திருந்தவை நிரந்தரமாகக் கைநழுவிப் போகும் என்பதைப் பலர் பிந்தித்தான் அறிகிறார்கள்.

விண்டோஸிலேயே ‘தொடக்கக் கடவுச்சொல்’ என்ற பெயர் பூண்ட விசித்திரமான பூட்டு ஒன்றும் இருந்தது. சிஸ்கீ எனப்பட்ட அது, விண்டோஸ் என்டி 4.0க்கு 1997இல் வந்த மூன்றாம் திருத்தப் பொதியில் அறிமுகமாகி, பயனர்களின் கடவுச்சொற்கள் பதிந்திருக்கும் கோப்பையே மறையாக்கம் செய்து, நுழைவுத் திரைக்கும் முன்னதாக ஒரு சொல்லைக் கேட்டது. நல்லெண்ணத்தில் செய்யப்பட்ட அதைப் பிற்காலத்தில் அதிகமாகப் பிரயோகித்தவர்கள் மோசக்காரர்களே. மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுவதாகச் சொல்லித் தொலைபேசியில் அழைத்து, கணினியைத் தூரத்திலிருந்து இயக்க அனுமதி பெற்று, சிஸ்கீ பூட்டைப் போட்டுவிட்டுப் பணம் கேட்பது அவர்கள் தொழில். கணினிக்கு உரியவர் தாம் ஒருபோதும் வைக்காத சொல்லை ‘மறந்தவர்’ ஆனார். பதிவேட்டுக் கோப்புகளின் பழைய பிரதி வட்டில் இருந்தால் அதை மீட்டுவைத்து இதிலிருந்து தப்பலாம். 2017இல் விண்டோஸ் 10இன் 1709ஆம் பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் இதை அகற்றிவிட்டது.

விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இடம்பெற்றிருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தார் சென்னையில் உருவாக்கிய அதன் நுழைவுச் சொல்லை மறந்தவர், தொடக்கப் பட்டியலில் மீட்பு முறையைத் தேர்ந்து, மூலப் பயனராக நின்று, ஒரே கட்டளையில் புதுச்சொல் அமைத்துக்கொள்ளலாம். லினக்ஸைப் பயில்வோர் இதைக் கண்டு முதலில் திகைப்பதுண்டு; யந்திரத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கு நுழைவுக் கடவுச்சொல் பெரிய தடையன்று என்ற உண்மையை லினக்ஸ் மறைப்பதில்லை, அவ்வளவே. மாணவர் பலர் அந்த லினக்ஸைப் பயன்படுத்தாமலேயே அழித்து, எங்கிருந்தோ பிரதியெடுத்த விண்டோஸைப் போட்டுக்கொண்டது, மீட்புக்குக் கைவசம் இருந்த ஒரு சாதனத்தைத் தாமே எறிந்த செயலாகும். அந்த இரண்டாம் இயங்குதளத்தின் வழியாகவே முதலாவதில் அகப்பட்டுக்கொண்ட கோப்புகளை அவர்கள் எடுத்திருக்கலாம்.

மறையாக்கம்

2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த பிட்லாக்கரும் அதன் எளிய வடிவமான சாதன மறையாக்கமும் காரியத்தின் அடிப்படையையே மாற்றிவிட்டன. வட்டிலுள்ள ஒவ்வோர் எழுத்தும் மறையாக்கப்பட்டு, அதைத் திறக்கும் திறவுகோல் டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லில் அடைக்கப்படுகிறது. தொடக்கத்தில் யந்திரத்தின் அமைப்பு முன்பிருந்தவாறே இருக்கக் கண்டால் மட்டுமே சில்லு திறவுகோலை வெளியிடும். பயாஸ் அமைப்பு துடைக்கப்பட்டாலோ, தாய்ப்பலகை மாற்றப்பட்டாலோ, சில்லு சந்தேகம் கொண்டு மௌனமாகிவிடும். அப்போது நீலத்திரையில் கேட்கப்படுவது 48 இலக்கம் கொண்ட மீட்புத் திறவுகோல். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதன்முறை நுழைந்தபோதே அது பெரும்பாலும் அக்கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ அக்கணக்கைத் திறந்து, திரையில் காட்டும் அடையாளக் குறியோடு ஒப்பிட்டுச் சரியானதை எடுக்க வேண்டும். கல்லூரியோ அலுவலகமோ தந்த யந்திரமாயின் அந்த நிறுவனத்தின் கணினி நிர்வாகியிடம் இருக்கும். எங்கும் இல்லையெனில், யந்திரத்தைப் புதிதாக நிறுவிப் பயன்படுத்தலாம். தகவல் போனது போனதுதான். மைக்ரோசாஃப்டாலும் அதைத் தர இயலாது. மாக் கணினியின் ஃபைல்வால்ட்டுக்கும் லினக்ஸின் லக்ஸ் மறையாக்கத்துக்கும் இதே நியதி.

2021இல் வெளியான விண்டோஸ் 11 டிபிஎம் சில்லை அவசியமாக்கியது. 24எச்2 பதிப்பு முதல் புதிதாக நிறுவப்படும் கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், சாதன மறையாக்கம் தானாகவே செயற்படுகிறது. தமிழ்நாட்டில் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று 2025 மார்ச் மாதத்து வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். இத்தலைமுறை யந்திரங்களைப் பெறுவோர், 2011இன் மாணவர் அறியாத ஒரு பொறுப்பையும் உடன் பெறுகிறார்கள். மீட்புத் திறவுகோலை ஒரு தாளில் எழுதி, குடும்ப அட்டையும் மதிப்பெண் சான்றிதழும் இருக்கும் பீரோவில் வைப்பது பத்தாம்பசலித்தனம் என்று நகைப்போர் உளர். எமது அபிப்பிராயத்தில் அதைவிடச் சிறந்த ஏற்பாடு ஒரு சாமானியக் குடும்பத்துக்குக் கிடையாது; கணினித் திருடன் இணையத்தின் வழியே வருகிறானேயன்றிப் பீரோவைத் திறக்க வருவதில்லை. அதுபோலவே, மாணவரின் யந்திரத்துக்குப் பயாஸ் கடவுச்சொல் வைக்கும்படி சிலர் புத்தி சொல்வது வீண் யோசனை. மறந்தால் பலகையைப் பறிகொடுக்கும் அபாயம் பெரிது, அதனால் தகவலுக்குக் கிடைக்கும் காவலோ அற்பம்.

நிறுவனங்கள்

தனிமனிதர் மறப்பதைவிட நிறுவனங்கள் மறப்பது கடினமான காரியம். அங்கே மறதி என்பது பெரும்பாலும் ஒருவர் வேலையை விட்டுப் போவதன் மறுபெயர். கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ இ-சேவை மையத்திலோ ஒரே கணினி, ஒரே இயக்குபவர், அவர் ஒருவருக்கே தெரிந்த ஒரே சொல் என்றிருந்தால், அவர் மாற்றலாகிச் செல்லும் நாளில் பட்டா நகலுக்கும் சாதிச் சான்றுக்கும் வந்தோர் திரும்பிப் போக நேரும். இராசபாளையத்து நூற்பாலைகளைச் சார்ந்த சிறு வணிகர்களிடையே கணக்கு எழுதப் பெருவழக்காயுள்ள டேலி மென்பொருளில், டேலிவால்ட் என்னும் மறையாக்கச் சொல்லை இழந்தால் அந்நிறுவனக் கணக்கு மீளாது என்று மென்பொருளை ஆக்கியோரே கூறுகின்றனர். ஜிஎஸ்டி விவரணை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளில் இதைக் கண்டுபிடிப்பது எந்த முதலாளிக்கும் உவப்பான அனுபவமாகாது. முத்திரையிட்ட உறையில் சொல்லை எழுதிச் செயலாளரின் பெட்டியில் வைப்பதும், நிர்வாக அதிகாரமுள்ள இரண்டாவது கணக்கு ஒன்றை வைத்திருப்பதும் காசு செலவில்லாத பரிகாரங்கள்.

சட்டம்

தம்முடைய யந்திரத்தின் பூட்டைத் தாமே நீக்குவதோ, பிறரைக் கொண்டு நீக்குவதோ இந்தியாவில் குற்றமன்று. பிறருடைய கணினியில் உரியவரின் அனுமதியின்றிப் பிரவேசிப்பது, 2000 அக்டோபர் 17 முதல் அமலிலுள்ள தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்கீழ் நஷ்டஈட்டுக்கு உரியது. நேர்மையற்ற நோக்கத்தோடு அதைச் செய்தால் 66ஆம் பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும், அல்லது இரண்டில் ஒன்றும், விதிக்கப்படலாம். பிறருடைய கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவதற்கு 2009இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் 66சி பிரிவு தனியே தண்டனை விதிக்கிறது. ஆகையால் பூட்டிய மடிக்கணினி ஒன்று கடைக்கு வரும்போது, கொண்டுவந்தவரின் பெயர், யந்திரத்தின் வரிசை எண், உரிமைக்கான சான்று ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளும் சேவைக்காரர் தம்மையே காத்துக்கொள்கிறார். சென்னை ரிச்சி தெருவிலோ மதுரையிலோ பழைய மடிக்கணினி வாங்குவோரும், பணம் கொடுக்குமுன் யந்திரத்தை ஒருமுறை முற்றிலும் அணைத்துத் தொடங்கச் செய்து, பயாஸ் அமைப்புத் திரைக்குள் தடையின்றி நுழைய முடிகிறதா என்று பார்த்து, விற்பவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கு அதிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் விசாரித்து, வரிசை எண் குறித்த பில்லைக் கையோடு பெற்றுக்கொள்ள வேண்டும்.